புதுப்பிப்பு: தாயின் இரத்தத்தில் சிசு அணுக்கள், இரண்டு கிட் ஒப்பீடு

தாயின் இரத்தத்தில் கலந்த சிசுவின் சிவப்பணுக்களை எண்ண உதவும் கிளைஹவர்-பெட்கே சோதனைக்கான இரண்டு கிட்களில் ஒன்றில் தாயின் அணுக்கள் சரியாக வெளுக்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். கிட்டின் மேல் பழி போட்டது என் தவறு. அந்த ஸ்லைடுகளில் ஸ்மியர் (கண்ணாடியில் பரப்பிய இரத்தப் படலம்) தடிமனாக இருந்திருக்கிறது. மெல்லியதாக இழுத்து நன்றாகக் காயவைத்ததும் தாயின் அணுக்கள் வெறும் நிழலாக வெளிறின. சிசு அணுக்கள் அடர் இளஞ்சிவப்பில் பளிச்சென்று நின்றன. சரிபார்க்க, சிசு அணுக்கள் கலந்திருக்க வாய்ப்பில்லாத ஆணின் இரத்தத்தில் 1% தொப்புள்கொடி இரத்தம் கலந்தும் பார்த்தேன், இரண்டு கிட்டும் ஒத்துப்போயின.

அப்புறம், எண்ணும்போது லிம்போசைட் என்ற வெள்ளை அணுவைச் சிசு அணுவென்று நினைத்துவிடாதீர்கள். தாய்க்குத் தலசீமியா மைனர் (பரம்பரை இரத்தக் குறைபாட்டின் லேசான வகை) இருந்தால் அவருடைய அணுக்களிலேயே ஹீமோகுளோபின் எஃப் (சிசுவுக்குரிய, இந்தச் சோதனையில் வெளிறாமல் நிற்கும் வகை) கூடுதலாக இருக்கலாம். அங்கே எந்தக் கிட்டும் ஏமாற்றும். எண்ணிக்கை தவறினால் ஆன்டி-டி ஊசியின் (Rh நெகட்டிவ் தாய்க்குச் சிசு இரத்தத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கப் போடுவது) அளவும் தவறிவிடும்; 300 மைக்ரோகிராம் சுமார் 30 மில்லி சிசு இரத்தத்துக்குத்தான் போதும். அதனால் அப்படிப்பட்ட மாதிரிகளை ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (அணுக்களை லேசர் ஒளியில் வகைபிரித்து எண்ணும் முறை) அனுப்பிவிடுகிறேன்.