மார்கழி சீசனில் பெரியவர்களைப் போய்ப் பார்க்க வேண்டுமா?

மதுரை_வயலின்:
இந்த மார்கழி இசை விழாவுக்கு முதல் முறையாகச் சென்னையில் தங்கப் போகிறேன். வயலின் வாசிக்கிறேன், இதுவரை ஊரில் கோயில் கச்சேரிகளோடு சரி. "கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் வித்வான்களைக் கும்பிடு, கச்சேரி நடத்தும் சபாவின் செயலாளரைப் பார், முகம் பதியணும்" என்கிறார் மாமா. எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நன்றாக வாசித்தால் தேடி வர மாட்டார்களா?

திருவல்லிக்கேணி_ரசிகர்:
மாமா சொல்வதுதான் சரி. வயலின், மிருதங்கம் போன்ற பக்கவாத்தியம் யார் என்பதைச் சில நேரம் பாடகர் முடிவு செய்கிறார், சில நேரம் சபா. இருவருக்கும் உங்கள் பெயரே தெரியாவிட்டால் எப்படிக் கூப்பிடுவார்கள்?

தனி_ஆவர்த்தனம்:
இதை ஏற்க மாட்டேன். பாடகர் இரண்டரை மணி நேரம் பாடிவிட்டுக் களைத்துப்போய் இறங்குகிறார். சுற்றி ஒரு கூட்டம். அதில் கும்பிட்ட முகம் யாருக்கு நினைவிருக்கும்? செயலாளருக்கோ அப்போது டிக்கெட், ஸ்பான்சர், மைக் என்று ஆயிரம் கவலை. அந்த ஆண்டுப் பட்டியலும் எப்போதோ முடிந்திருக்கும். வாசித்த பதிவை அனுப்புவதென்றால் சீசனுக்குப் பல மாதம் முன்பே அனுப்புங்கள்.

மதிய இலவசக் கச்சேரிகளுக்குப் போங்கள். பாடுவது பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்கள், பாதி நாற்காலி காலியாகத்தான் இருக்கும். முடிந்ததும் போய், "கரகரப்பிரியாவில் அந்த நிரவல் நன்றாக இருந்தது" என்று சொல்லிப் பாருங்கள், நின்று பேசுவார்கள். வீட்டில் சேர்ந்து சாதகம் செய்ய அவர்களுக்கும் ஒரு வயலின் வேண்டும். பழக்கம் அங்கேதான் வளரும்.

திருவல்லிக்கேணி_ரசிகர்:
மதியம் பாடுகிற பிள்ளைகளே வாய்ப்புக்குக் காத்திருப்பவர்கள். அவர்கள் உங்களை எங்கே ஏற்றிவிடுவது? அவர்களில் பலருக்குப் பக்கவாத்தியத்தையும் சபாவே போட்டுவிடுகிறது. கூச்சமென்றால் மியூசிக் அகாடமியில் காலை விளக்க உரைகளுக்குப் போங்கள். பெரிய வித்வான்கள் கீழே உட்கார்ந்து கேட்பார்கள். அங்கே ஒரு நல்ல கேள்வி கேட்டால் முகம் பதியும்.

கடம்_அக்கா:
வயலின் தம்பியா தங்கையா தெரியவில்லை. தங்கை என்றால் நான் சொல்வதையும் கேள். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் பெண் பாடகர்களுக்கு வாசித்ததில்லை, பின்னாளில்தான் டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். அந்தக் காலம் போய்விட்டது என்பார்கள், முழுசாகப் போகவில்லை. 2018இல் மீ டூ என்று பாலியல் தொல்லைப் புகார்கள் வந்தபோது அகாடமியே அந்த சீசன் பட்டியலிலிருந்து சிலரை நீக்கியது. மேடைக்குப் பின்னால் நாலு பேர் நடுவில் கும்பிடுவது வேறு. "தனியாக வீட்டுக்கு வா, பேசலாம்" என்று யாராவது சொன்னால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் போகாதே.

மதுரை_வயலின்:
தங்கைதான் அக்கா. இன்னொன்றும் கேட்கணும். நன்கொடை கொடுத்தால் மதிய மேடை கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். கொடுக்கலாமா?

தனி_ஆவர்த்தனம்:
கொடுக்கவே கூடாது. அந்தப் பணத்தில் சென்னையில் வாடகை கொடுத்து, ஒரு நல்ல குருவிடம் இன்னும் சில மாதம் கற்கலாம். வேண்டுமானால் ஜனவரி வாக்கில் திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்குப் போங்கள். அங்கே அவருடைய பஞ்சரத்னக் கீர்த்தனைகளைப் பெரியவர்களும் மாணவர்களும் ஒன்றாக உட்கார்ந்துதான் பாடுகிறார்கள், வாசிக்கிறார்கள்.

திருவல்லிக்கேணி_ரசிகர்:
பணம் கொடுக்கக் கூடாது என்பதில் நானும் ஒரே கட்சி. திருவையாறு விஷயத்தில் இல்லை. அவ்வளவு கூட்டத்தில் உங்கள் வில் யார் காதில் தனியாக விழும்?

கடம்_அக்கா:
விழ வேண்டாமே! பக்கத்தில் வாசிக்கிறவரின் வில்லைக் கவனித்து நாலு விஷயம் கற்றுக்கொண்டு வரட்டும். கும்பிடத்தான் வேண்டுமென்றால் பாடகரை விட்டுவிட்டு வயலின் வாசித்தவரிடம் போ தங்கை. சந்தேகம் கேட்டால் அவர்தான் பதில் சொல்வார். அவருக்கு உடம்பு முடியாத ஒரு நாளில் வேறு யாரையாவது அனுப்பணும் என்றால், அவரைத்தான் கேட்பார்கள்.

மதுரை_வயலின்:
இது எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. வயலின்காரர்களிடம் பேசக் கூச்சம் இருக்காது, கேட்கவே நிறைய இருக்கிறது. காலையில் அகாடமி, மதியம் இலவசக் கச்சேரி என்று வைத்துக்கொள்கிறேன். மாமாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கணும்.

திருவல்லிக்கேணி_ரசிகர்:
போய் வாருங்கள். ஆனாலும் செயலாளருக்கு ஒரு வணக்கம் வைப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது என்றே இன்னமும் சொல்வேன்.