மறு: ஒலிக்குளியலா, நாத சிகிச்சையா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். பாயில் படுத்துக் கிண்ணங்களின் ஓசையைக் கேட்டு இளைப்பாறும் ‘சவுண்ட் பாத்’ நிகழ்ச்சியை ‘ஒலிக்குளியல்’ என்று தமிழாக்கலாமா என்ற பேச்சில் வந்த மறுப்பு இது:

> குளியல் என்றால் தண்ணீர் வேண்டும். பாயில் படுத்துக் கிண்ணத்தின் ஓசையைக் கேட்பதற்குக் குளியல் என்று பெயரா? ‘நாத சிகிச்சை’ என்றே வைத்துவிடலாமே.

தண்ணீர் இல்லாத குளியல் நமக்குப் புதிதில்லை. வெயில் குளியல் என்கிறோம். இயற்கை மருத்துவக்காரர்கள் வாழையிலையைச் சுற்றி வெயிலில் கிடத்தி ‘வாழையிலைக் குளியல்’ என்கிறார்கள். அங்கே வேர்வையைத் தவிர ஈரமே கிடையாது. அதனால் ‘ஒலிக்குளியல்’ என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் ‘க்’ விழுந்துவிடக் கூடாது. எனக்கு மொழிபெயர்க்க வந்த துண்டறிக்கையில் யாரோ முன்பே ‘ஒலி குளியல்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். வல்லினம் மிகாவிட்டால் அது வினைத்தொகை: ஊறுகாய், சுடுசோறு மாதிரி, ஒலிக்கும் குளியல். அதாவது குளியலறையில் பாடுகிறவரின் குளியல். என் அத்தை அந்தத் தாளைப் படித்துவிட்டு, “துண்டு நாம கொண்டு போகணுமா, அவங்களே தருவாங்களா?” என்று கேட்டார். அது புணர்ச்சிப் பிழையால் வந்த கேள்வி இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

என் சண்டை ‘சிகிச்சை’யோடுதான். அந்தச் சொல்லைப் போட்டால் ஒரு நோயும், அது தீரும் என்ற உறுதியும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த உறுதியைத் தர இன்று கையில் இருப்பது போதாது. 2017இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 62 பேரைக் கிண்ணங்கள், காங் (தொங்கவிட்டு அடிக்கும் உலோகத் தட்டு) முதலியவற்றின் ஒலியில் படுக்க வைத்து, முன்னும் பின்னும் கேள்வித்தாள் கொடுத்தார்கள். இறுக்கம், கோபம், களைப்பு, சோர்வு எல்லாம் குறைந்திருந்தன. முதல்முறை வந்தவர்களுக்கு இறுக்கம் கூடுதலாகவே குறைந்தது. சரி, நல்ல சேதிதான். ஆனால் ஒலி இல்லாமல் அதே நேரம் சும்மா படுத்திருந்த இன்னொரு குழு அதில் இல்லை.

நானும் ஒரு நாள் போய்ப் படுத்துப் பார்த்தேன். பாய், தலையணை, கண்ணுக்கு ஒரு துணி. நடத்துபவர் தோல் சுற்றிய கோலால் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்க, ஓசை முதலில் பல்லில் தெரிந்தது, அப்புறம்தான் காதில். பத்து நிமிடத்தில் பக்கத்துப் பாய்க்காரர் குறட்டை. எழுந்தபோது தோள் இலேசாகத்தான் இருந்தது. அது கிண்ணத்தின் வேலையா, ஒரு மணி நேரம் கைப்பேசியும் பேச்சும் இல்லாமல் கிடந்ததன் வேலையா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதைப் பிரித்துப் பார்க்க முயன்ற ஆய்வும் உண்டு. 2014இல் 51 பேரை ஒருமுறை 12 நிமிடம் கிண்ண ஒலியிலும், இன்னொரு முறை அதே அளவு அமைதியிலும் இருத்தி, பிறகு தளர்வுப் பயிற்சி கொடுத்தார்கள். கிண்ணம் ஒலித்த முறையில் மேல் இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் சற்றுக் கூடுதலாக இறங்கின. ஆனால் கிண்ணங்களைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் 2020இல் திரட்டிப் பார்த்தவர்களுக்குத் தேறியவை நான்குதான். இதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க இப்போதைக்கு முடியாது என்றே அவர்கள் முடித்தார்கள். இந்த நிலைமைக்கு ‘குளியல்’ அளவாகப் பொருந்துகிறது. குளித்தால் உடம்பு இலேசாகும். காய்ச்சலுக்கு மருந்து வேறு.

துண்டறிக்கையில் இன்னொரு வில்லங்கம், ‘மன அழுத்தம் நீங்கும்’ என்ற வரி. நம் பத்திரிகைகள் அன்றாட நெருக்கடிக்கும் மன அழுத்தம் என்கின்றன, மருத்துவர் பார்க்க வேண்டிய மனச்சோர்வு நோய்க்கும் அதையே சொல்கின்றன. மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் இந்த வரியைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால் என்ன செய்வது? ‘மன இறுக்கம் தளரும்’ என்று மாற்றியிருக்கிறேன். தளர்வு என்பதே போதும், ‘தளர்ச்சி’ வேண்டாம். நரம்புத் தளர்ச்சி விளம்பரங்கள் அந்தச் சொல்லை ஏற்கனவே எடுத்துக்கொண்டுவிட்டன.

கருவிகளுக்கு வருகிறேன். கிண்ணத்துக்கு ‘ஒலிக்கிண்ணம்’. ‘பாடும் கிண்ணம்’ எனக்கு ஒட்டவில்லை, அது பாடவில்லை, ரீங்கரிக்கிறது. ‘படிகக் கிண்ணம்’ என்று விற்கும் வெள்ளைக் கிண்ணம் குவார்ட்ஸை உருக்கிச் செய்தது. உருகி இறுகிய பின் அதில் படிக அமைப்பே இல்லை, ஒருவகைக் கண்ணாடிதான். கணினிச் சில்லுத் தொழிலில் சிலிக்கானை உருக்கும் பாத்திரமான மூசையின் உடன்பிறப்பு. எனவே ‘குவார்ட்ஸ் கிண்ணம்’.

கையால் தட்டிச் செய்த வெண்கலக் கிண்ணம் முழு வட்டமாக இருப்பதில்லை. அதனால் நெருங்கிய இரண்டு அதிர்வெண்கள் ஒன்றாக எழும். 220 ஹெர்ட்சும் 224 ஹெர்ட்சும் என்றால் நொடிக்கு 4 முறை ஓசை பெருத்துச் சிறுக்கும். இதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம். நம் பள்ளி இயற்பியல் நூல் ‘விம்மல்’ என்று எப்போதோ வைத்துவிட்டது. எனக்குத் தெரிந்த கலைச்சொற்களில் இவ்வளவு அழகானது குறைவு. (மூளையின் அலையும் அந்த நாலுக்கு இறங்கிவிடும் என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன்.)

மாட்டிக்கொண்டது காங். நேர்ச்சொல் ‘சேகண்டி’ கைவசம் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் சேகண்டியும் சங்கும் சேர்ந்து கேட்டால் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து, “யாரு?” என்பார்கள். இறுக்கம் தளர வந்தவருக்கு அந்தப் பேரைச் சொன்னால் எழுந்து ஓடிவிடுவார். ‘காங்’ என்றே விடலாமா?

தலைப்புக்குக் கீழே ‘இளைப்பாற ஒரு மாலை’ என்று எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

அன்புடன்.

—

மறு: மறு: ஒலிக்குளியலா, நாத சிகிச்சையா?

ஒலிக்குளியல், விம்மல் இரண்டுக்கும் என் வாக்கு. காங் அப்படியே இருக்கட்டும். ஆனால் ‘இளைப்பாற’ என்பதைக் கொஞ்சம் யோசியுங்கோ. எங்கட யாழ்ப்பாணத்தில் இளைப்பாறிய பள்ளி அதிபர், இளைப்பாறிய தபாலதிபர் என்றால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இந்த அறிக்கையை அங்கே ஒட்டினால் பென்சன்காரரின் கூட்டம் என்று நினைத்துத்தான் ஆட்கள் வருவினம்.

—

மறு: மறு: மறு: ஒலிக்குளியலா, நாத சிகிச்சையா?

அறிக்கை மயிலாப்பூரில்தான் ஒட்டப்படுகிறது. இங்கேயும் வரப்போவது அவர்கள்தான், ஐயா. சொல் இருக்கட்டும்.