மறு: 'இயல்புநிலைச் சாய்வு' வேண்டாம், 'வழக்கமயக்கம்' எனலாமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

> 'நார்மல்சி பயஸ்' என்பதற்கு 'இயல்புநிலைச் சாய்வு' என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

சற்றுப் பொறுங்கள், ஐயா. நாம் தொகுக்கும் பேரிடர் உளவியல் கலைச்சொல் பட்டியலில் இந்த ஒரு சொல்லை மட்டும் அவசரமாக முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆபத்து வந்துகொண்டிருக்கும்போதும் 'எல்லாம் எப்போதும்போலத்தான் இருக்கும்' என்று மனம் நம்பிவிடுவதற்குத்தான் இந்தப் பெயர்.

நான் இருப்பது மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துச் சிகாமட் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில். இங்கே ஆற்று நீர்மட்டத்தை வடிகால், நீர்ப்பாசனத் துறை நான்கு படிகளாக அறிவிக்கிறது: இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம். 'இயல்பு' என்றால் பயமில்லை என்று பொருள். மனம் செய்யும் ஒரு பிழைக்கும் அதே சொல்லில் பெயர் வைத்தால் கேட்பவர் குழம்பிப்போவார்.

2006 டிசம்பர் வெள்ளத்தன்று எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பத்துக் கதவு. வெளியேறச் சொல்லி ஆள் வந்து போய்விட்டது. அம்மா அசையவில்லை. "நாப்பது வருசமா இங்க இருக்கேன், தண்ணி இந்தப் படியத் தாண்டினதே இல்ல" என்றார். நானும் வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டைப் பார்த்தேன். விளக்கு எரிந்தது, சோறு வேகும் வாசம் வந்தது. அவர்களே கிளம்பவில்லையே என்று உள்ளே வந்துவிட்டேன். அவர்களும் எங்கள் விளக்கைப் பார்த்துத்தான் இருந்தார்களாம், அப்புறம் சொன்னார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபிறகு பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு இருட்டில் துயர் துடைப்பு மையத்துக்கு நடந்தோம். அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம் எதையும் எடுக்கவில்லை. அடுத்த மாதமே ஜோகூரில் மறுபடியும் வெள்ளம் வந்தது.

> 'மெத்தனம்' என்று ஏற்கெனவே நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறதே?

டீச்சர், அந்தச் சொல் ஆளைக் குற்றம் சொல்கிறது. அன்று எங்களில் யாரும் மெத்தனமாக இல்லை, தூங்கவும் இல்லை. 1968இல் லட்டானே, டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் நியூயார்க்கில் ஒரு சோதனை செய்தார்கள். படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர்களின் அறைக்குள் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். பக்கத்தில் இரண்டு பேர் எதுவும் நடக்காததுபோல் உட்கார்ந்திருந்தபோது 10 விழுக்காட்டினர்தான் சொன்னார்கள். மற்றவர் முகத்தைப் பார்த்து நிலைமையை அளப்பது மனித இயற்கை. அதைத் திட்டித் திருத்த முடியாது. ஆனால் பெயர் தெரிந்தால், பத்துக் கதவில் ஒருவராவது அதைச் சத்தமாகச் சொல்லலாம்.

ஒரு சொல்லுக்கு அவ்வளவு வலிமை உண்டா என்று கேட்பவர்களுக்கு, கடலுக்கு அந்தப் பக்கம் இந்தோனேசியாவில் இருக்கும் சிமெலுவே தீவைக் காட்டுவேன். 1907இல் அங்கே ஆழிப்பேரலை அடித்துப் பலர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 'ஸ்மோங்' என்ற சொல்லைக் கதையிலும் தாலாட்டிலும் வைத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பது அதற்குள் அடங்கியிருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டே ஓடினார்கள். ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தவர் 7 பேர் என்றே பதிவு. அதே நாளில் நம் பினாங்கிலும் கோலமூடாவிலும் கடற்கரையில் நின்றவர்களுக்கு அப்படி ஒரு சொல் இல்லை.

அதனால்தான் 'வழக்கமயக்கம்' என்கிறேன். 'வழக்கம்போலத்தான்' என்று தோட்டத்தில் தினமும் சொல்கிறோம். 'மயக்கம்' என்றதும் கிளினிக் ஞாபகம் வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார், சரிதான். ஆனால் தமிழ்ப்பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளையும் 'மயங்கொலி' படித்திருக்கும்: ல, ள, ழ ஒன்றுபோல் கேட்டு, ஒன்றை இன்னொன்றாக எழுதிவிடுவது. இங்கேயும் அதுதான். வந்திருப்பது வேறு, நம் காதில் விழுவது பழைய மழை.

இன்னொன்று, 'எச்சரிக்கைச் சலிப்பு' என்பதை இதோடு சேர்க்க வேண்டாம். பலமுறை சைரன் ஊதி ஒன்றும் நடக்காமல் போனதால் வரும் அலுப்பு அது. எங்கள் லயத்துக்கு 2006க்கு முன் ஒரு எச்சரிக்கையும் வந்ததில்லை.

'வழக்கமயக்கம்' என்று சேர்த்தே எழுதலாமா, பிரித்து எழுத வேண்டுமா என்பதை இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் வெள்ளத் தயார்நிலை பற்றிப் பேசப் போகிறேன். கரும்பலகையில் சரியாக எழுத வேண்டும்.