42 டிகிரியிலும் செல்கள் நூலாக நீளவில்லை, உதவுங்கள்

வணக்கம். முதுகலை புராஜெக்டுக்காக ஈ.கோலை பாக்டீரியாவின் எஃப்டிஎஸ்இசட்-84 மியூட்டன்டை (மரபணு மாறிய வகையை) வளர்க்கிறேன். செல் பிரிவுக்குத் தேவையான எஃப்டிஎஸ்இசட் புரதத்தின் 105ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் செரின். ஒரே ஒரு அமினோ அமிலம்தான் மாறியிருக்கிறது! 30 டிகிரியில் செல்கள் ஒழுங்காக இரண்டாகப் பிரிகின்றன. 42 டிகிரியில் நடுவே இசட் வளையம் (இந்தப் புரதம் சேர்ந்து அமைக்கும், செல்லைப் பிரிக்க உதவும் வளையம்) உருவாகாமல், டி.என்.ஏ. மட்டும் பெருகிப் பிரிய, செல் நீண்ட நூலாக வளர வேண்டும். என் ஸ்லைடில் பாதிக்கு மேல் குட்டைச் செல்கள்தான்.

சாதாரண எல்.பி. ஊடகம்தான் (பாக்டீரியா வளர்க்கும், உப்பு கலந்த சத்துக் கரைசல்) போட்டேன். உப்பு இருந்தால் மியூட்டன்டின் பிரிய முடியாத குறை மறைந்துவிடும் என்கிறார் சீனியர் அக்கா. உப்பே சேர்க்காமல் வளர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 42க்கு மாற்றி எத்தனை நிமிடம் கழித்து ஸ்லைடு எடுத்தீர்கள்? அப்புறம், மரபணு பழைய நிலைக்கே திரும்பிவிட்டதா என்பதை எளிதாக எப்படிச் சோதிப்பது? திங்களன்று மறுபடி தொடங்குகிறேன், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.