சென்டூரியன் டாங்கி மாடல்: டரட் (பீரங்கி உள்ள சுழலும் மேல்பகுதி) ரொம்ப வழவழப்பு, என்ன செய்யலாம்?

ஈரோட்டுக்காரன்: டாமியா கம்பெனியின் 1/35 அளவு சென்டூரியன் பிளாஸ்டிக் மாடல் கிட்டை, 1971 இந்திய-பாகிஸ்தான் போரின் பசந்தர் சண்டையில் நம்ம ராணுவத்தின் பூனா ஹார்ஸ் படைப்பிரிவு ஓட்டிய டாங்கியாகச் செய்கிறேன். டரட் சோப்புக்கட்டி மாதிரி இருக்கு, கைப்பிடிகள் தடித்தடியாக, பார்த்தால் பொம்மைதானுங்க. அதிகச் செலவில்லாமல் வழி உண்டா?

கோவை மோட்டார்: நிஜ டரட் வார்ப்பு எஃகு, சொரசொரப்பாகத்தான் இருக்கும் தம்பி. பட்டிப் பசையை (putty) தின்னரில் கரைத்துப் பழைய பிரஷால் குத்திக் குத்தி வையுங்க, காய்ந்ததும் லேசாக உப்புத்தாள். உடல் பகுதி பற்றவைத்த தகடு, அங்கே பூசிடாதீங்க. கைப்பிடிக்கு மோட்டார் ரீவைண்டிங் கடையில் செம்புக் கம்பித் துண்டு கேளுங்க, நம்மூரில் அதுக்கா பஞ்சம்? 1 மி.மீ. கம்பி நிஜ அளவில் 3.5 செ.மீ. ஆகிடும், அதனால் அரை மி.மீ. போதும்.

திருப்பூர் நூல்: டாங்கி மேல் வைக்கும் தார்ப்பாய்க்குப் பனியன் துணி வேண்டாம். நான் வைத்துப் பார்த்தேன், கோணிச்சாக்கு மாதிரி இழை தெரிந்தது, எங்க ஊர்க்காரனுக்கே அவமானம். டிஷ்யூ பேப்பரை ஃபெவிகால் கலந்த தண்ணீரில் நனைத்து மடிச்சு வையுங்க.

ஈரோட்டுக்காரன்: சரிங்ணா. சேற்றுக்குத் தோட்டத்துச் செம்மண்ணைச் சலித்துப் போடட்டுங்களா?

கோவை மோட்டார்: ஐயோ, பசந்தர் பக்கம் ஆற்று வண்டல் பூமி, சாம்பல் கலந்த பழுப்பு. செம்மண் போட்டால் பல்லடத்தில் உழவு ஓட்டிய டாங்கி ஆகிடும்.