பீடிக் கத்தரி இவ்வளவு நீளம் இருக்காது

குழு: பாளை குடும்பம்

நான் (இரவு 8:12): (படம்) கல்லூரிப் போட்டிக்கு வரைந்தது. தலைப்பு 'அரசின் சிக்கனம்'. தொட்டு எழுதுகிற நிப் பேனா, கறுப்பு இங்க். நாளைக்குக் கொடுக்கணும். பார்த்துச் சொல்லுங்கள்.

சித்தி: சூப்பர்டி 👏👏

பெரியப்பா: கோடு நன்றாக ஓடியிருக்கிறது. ஆனால் கத்தரி மேல் 'சிக்கனம்', பானை மேல் 'நலத்திட்டம்', கிழவர் மேல் 'பொதுமக்கள்', தொப்பை மேல் 'அரசு'. எழுத்தையெல்லாம் கையால் மறைத்துவிட்டுப் பார். படம் ஏதாவது பேசுகிறதா?

நான்: எழுதாவிட்டால் எப்படிப் புரியும்? பாரதியே 'இந்தியா' பத்திரிகையில் கார்ட்டூனுக்கு விளக்கம் போட்டாரே.

பெரியப்பா: அது 1906. தமிழ்ப் பத்திரிகையில் கார்ட்டூன் பார்த்தே பழகாத சனம். நம் திருநெல்வேலி டவுனில் படித்த மனுஷர் புதுசாக ஒன்றைக் கொண்டுவந்தார், சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. உனக்கு என்ன கேடு?

பெரியப்பா: கில்ரே என்று ஒரு இங்கிலீஷ்காரர். மூன்றாம் ஜார்ஜ் ராஜாவின் கஞ்சத்தனத்தை 1792-ல் கேலி செய்தார். ராஜா ஒட்டுப்போட்ட கால்சட்டையோடு உட்கார்ந்து அவித்த முட்டை தின்கிறார். பக்கத்தில் ராணி கீரையை வாயில் திணிக்கிறாள். அந்த ஒட்டுத் துணி ஒன்று போதாதா? (அது செப்புத் தகட்டில் கீறி அச்சடித்தது, பேனா இல்லை. ஆனாலும் கோடு கோடுதானே.)

லண்டன் அத்தான்: இங்கேயும் 2010-ல் சிக்கனம் சிக்கனம் என்றுதான் ஆரம்பித்தார்கள். செலவை வெட்டினார்கள், வாட் வரியை 17.5-லிருந்து 20 சதவீதம் ஆக்கினார்கள். அப்போதைய பிரதமர் கேமரூனை கார்டியன் பத்திரிகையில் ஸ்டீவ் பெல் என்ற கார்ட்டூனிஸ்ட் இப்படித்தான் வரைந்தார். (படம்)

சித்தி: தலையில் என்ன மாப்பிள்ளை அது, பலூனா?

லண்டன் அத்தான்: ஆமா அத்தை. பலூன்தான்.

லண்டன் அத்தான்: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

அப்பா: படத்தில் பெயர் போடாதே. 2017 நவம்பரில் கார்ட்டூனிஸ்ட் பாலாவைப் பிடித்தது நம் கலெக்டர் ஆபீஸ் தீக்குளிப்பைப் பற்றி வரைந்ததற்குத்தான்.

நான்: மறுநாளே ஜாமீனில் விட்டார்களே அப்பா.

அப்பா: விட்டார்கள். நடுவில் ஒரு ராத்திரி இருக்கிறதே. எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

சித்தி: அதை விடுங்கள் அத்தான். கரண்ட் மிச்சம் என்று எங்கள் தெருவில் ஒன்றுவிட்டு ஒரு லைட்டை அணைத்துவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா இப்போது எங்கே உட்கார்ந்து பீடி சுற்றுகிறாள் தெரியுமா? முக்கில் யாரையோ வரவேற்று வளைவு வைத்திருக்கிறார்கள். அதுக்குக் கீழே. சீரியல் செட் வெளிச்சம் பட்டப்பகல்தான்.

பெரியப்பா: ஏட்டி, கேட்டியா? இதை வரை.

நான் (11:40): (படம்) எழுத்தே இல்லை. வளைவில் முகமும் இல்லை, கும்பிடுகிற கை மட்டும். இருட்டுக்குக் குறுக்குக்கோடு போட்டுப் போட்டு விரல் மரத்துவிட்டது.

பெரியப்பா: அணைந்த லைட்டைச் சுற்றி இன்னும் நெருக்கு. அவள் மடியில் இருக்கிற முறத்தில் மட்டும் பேனாவே படக் கூடாது. தாள் வெள்ளையே வெளிச்சம்.

சித்தி: ஆச்சி கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள். பீடி இலை வெட்டுகிற கத்தரி இவ்வளவு நீளம் இருக்காதாம். இது டெய்லர் கத்தரியாம்.

நான்: ஐயோ. இங்க் காய்ந்துபோச்சே.

பெரியப்பா: பிளேடால் லேசாகச் சுரண்டு. கனமான தாள்தானே, தாங்கும்.

அப்பா: அப்படியே அந்தக் கையில் இருக்கிற மோதிரத்தையும் சுரண்டு. எட்டு எதுக்கு? எங்கள் ஆபீசில் ஒருத்தர் அப்படித்தான் போடுவார்.

நான்: ஆறு?

அப்பா: மூணு.

நான்: அஞ்சு அப்பா, ப்ளீஸ்.

அப்பா: நாலு. போய்ப் படு.