பேரீர்ப்பா, ஓத ஈர்ப்பா?

அன்புள்ள கலைச்சொல் மடற்குழுவினருக்கு, வணக்கம்.

நாகர்கோவிலில் எங்கள் மாணவர்கள் நடத்தும் கையெழுத்து இதழுக்காக ஓர் அறிவியல் புனைகதையை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும். விண்கலம் கருந்துளையை நெருங்கும் இடத்தில் 'அதிபுவியீர்ப்பு' என்று எழுதியிருந்தேன். புவியே இல்லாத இடத்தில் புவியீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதை அடித்துவிட்டாள்.

தக்கலைப் புலவர் ஐயா 'அதி' வடமொழி என்று விலக்கி, நன்னூலின் 'ஈறுபோதல்', 'ஆதிநீடல்' விதிகளைக் காட்டிப் 'பேரீர்ப்பு' என்று புணர்த்துத் தந்தார். இலக்கணத்தில் குறையில்லை, வகுப்பில் வாசித்தபோதுதான் கடைசி வரிசைக்கு அது பேரீச்சையாகக் கேட்டது.

என் தயக்கம் வேறு. தடையின்றி விழுபவருக்கு ஈர்ப்பு எவ்வளவு பெரிதாயினும் எடையே தெரியாது. அவரைப் பிய்ப்பது தலைக்கும் காலுக்கும் இடையிலுள்ள ஈர்ப்பின் வேறுபாடு. சூரியனைப்போல் 10 மடங்கு நிறையுள்ள கருந்துளையின் நிகழ்வெல்லையில் (ஒளியும் மீள முடியாத எல்லை), அதாவது மையத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், அந்த வேறுபாடு புவியீர்ப்பைப்போல் ஒரு கோடி மடங்கைத் தாண்டும். நம் பால்வழியின் நடுவிலுள்ள கருந்துளையோ 40 லட்சம் சூரியன்களின் நிறை கொண்டது. ஆனால் அதன் நிகழ்வெல்லை மையத்திலிருந்து வெகுதொலைவில் இருப்பதால், அங்கே வேறுபாடு உடலுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆகவே 'பேர்' என்னும் அடை கதையின் அறிவியலையே திசைதிருப்புகிறது.

நிலவின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் வேறுபடுவதால்தான் குளச்சலில் கடல் ஏறி இறங்குகிறது. பாடநூலில் அதற்கு 'ஓதம்' என்ற சொல் இருக்கிறது. எனவே 'ஓத ஈர்ப்பு' என்றேன்.

மார்த்தாண்டத்துச் சித்த மருத்துவர் ஐயா, மருத்துவ நூல்களில் ஓதம் என்றால் விதைப்பை வீக்கம் என்று எச்சரித்தார். குழித்துறை அம்மா, கடலேற்றத்துக்கு மலையாளத்தில் வழங்கும் 'வேலியேற்றம்' காதுக்குப் பழகியது என்றார். உடனே அந்த வேலி தமிழ் வேலியா, வடமொழி 'வேலா'வா என்று நான்கு மடல்கள் ஓடின. அதற்குள் என் இரண்டு நாட்கள் போய்விட்டன.

குழுவில் மூவர் உடன்பட்டதால், அடிக்குறிப்போடு 'ஓத ஈர்ப்பு' என்றே எழுதுகிறேன்.

*

புலவர் ஐயாவின் மறுமடல்:

தம்பி, 'ஓத' என்று தொடங்கினால் திருமுறை ஓதுவதற்கு ஈர்ப்பு என்றல்லவா பொருள்படும்? தாங்கள் எழுதுங்கள், என் பேரீர்ப்பை நான் விடுவதாக இல்லை. 'வேலை' கடலைக் குறித்த வரலாற்றை நாளை விரிவாக எழுதுகிறேன்.